மகனுக்காக வாய்தாவுக்கு வரும் அம்மாக்கள்: சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மதிப்பிற்குரிய தலைவர், உறுப்பினர்கள், மாவட்ட ஆணைக்குழுக்களின் செயலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் திருநெல்வேலிப் பக்கத்தில் வேலை செய்யும் உங்கள் சட்டத் தன்னார்வலர்களில் ஒருத்தி. நீங்கள் கொடுத்த அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு நீதிமன்ற வளாகத்தில் உட்கார்ந்திருப்பவள். பட்டா, ஜீவனாம்சம், விபத்து இழப்பீடு என்று வருகிறவர்களுக்கு வழி சொல்ல எனக்குப் பயிற்சி கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் ஒரு சாரார் என் மேசைப் பக்கம் வருவதே இல்லை. நான்தான் எழுந்து போய் அவர்களிடம் பேச வேண்டியிருக்கிறது. கொலை வழக்கில் கைதாகி விசாரணையில் நிற்கும் பையன்களின் அம்மாக்கள் அவர்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

மகன் குற்றமற்றவன் என்று நம்பிப் போராடிய ஒரு தாயை இந்த நாட்டுக்கே தெரியும். 1991 ஜூனில் 19 வயதில் கைதான பேரறிவாளனுக்கு 1998-ல் தூக்குத் தண்டனை விதித்தார்கள். 2014-ல் அது ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்த 31 வருடமும் அற்புதம்மாள் ஏறாத படி இல்லை, பார்க்காத தலைவர் இல்லை. அவரை மதிக்கத் தமிழ்நாடு கற்றுக்கொண்டது. நான் எழுதுவது வேறொரு தாயைப் பற்றி. இவர் மகனுக்காக யாரும் ஊர்வலம் போக மாட்டார்கள். போகவும் வேண்டாம். ஏனென்றால் அவன் செய்திருப்பான். அது இவருக்கே தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறார்.

ஊரையும் பேரையும் சொல்ல மாட்டேன். பல அம்மாக்களிடம் கேட்டதை ஒருவரிடம் கேட்டதுபோலச் சொல்கிறேன், அடையாளம் தெரியாமல் இருப்பதற்காக. பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு அக்கா. புருஷன் இருந்தும் இல்லாத மாதிரி. பையன் எட்டாவதோடு நின்றான். லோடு ஆட்டோவில் கிளீனராகப் போனான். பிறகு கூட்டாளிகள், பிறகு கஞ்சா, பிறகு அருவாளைத் தூக்கிக் காட்டி ரீல்ஸ். ஒரு அடிதடி கேஸில் உள்ளே போனபோது இவர்தான் தாலிச் செயினை அடகு வைத்து வெளியே எடுத்தார். “ஒரு நாள் வீட்டுக்குள்ள விடாம கதவச் சாத்திட்டேம்மா. அன்னைக்கு நானும் சாப்பிடல” என்றார். சாத்திய கதவை மறுநாள் அவரே திறந்தும் விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ கதவுகள் அவருக்கு மூடின. மகளுக்குப் பேசி வைத்த சம்பந்தம் போனது. கோவில் கொடைக்கு இவர் வீட்டு வரியை வாங்க யோசித்தார்கள். பீடிக் கம்பெனியில் இலை வாங்கப் போனால் பேச்சு நின்றுவிடும்.

“அவன் செஞ்சிருப்பாம்மா. எனக்குத் தெரியும். நான் போவலன்னா அவனப் பாக்க யாரு போவா?”

இதுதான் அவருடைய முழு வாதம். மகன் நல்லவன் என்று ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. பெத்த மனம் பித்து என்று கோர்ட் வாசலில் டீ குடிக்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் பார்த்தவரை அதில் பித்து எதுவும் இல்லை. மகன் செய்த காரியத்தின் கனத்தை அந்த வளாகத்தில் அவரைப்போல் உணர்ந்தவர்கள் குறைவு. இறந்துபோன பையனின் அம்மாவும் அதே வாய்தாவுக்கு வருவார். அவரைத் தூரத்தில் கண்டதும் இந்த அக்கா தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அந்த அம்மா உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் வெளியே வருவார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இறந்தவரின் தாயைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மடலைப் படிக்கிறவர்களில் சிலருக்கு இப்போதே கோபம் வந்திருக்கும், அது நியாயமான கோபம். பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர். அவருக்கு அடுத்தபடியாகத்தான் வேறு எவரும். சட்டம் அவருக்குச் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. புலன் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-ஆவது பிரிவு. இழப்பீடு கேட்க 396-ஆவது பிரிவு இருக்கிறது. அரசு வக்கீலுக்குத் துணையாகத் தனி வக்கீலும் வைத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் அவர் கைக்கு முழுசாகப் போய்ச் சேருகின்றனவா என்றால், இல்லை. இழப்பீட்டுக்கு மனு கொடுக்கலாம் என்பதே தெரியாமல் வருகிற அம்மாக்களை நான் பார்க்கிறேன். ஆகவே கீழே நான் கேட்கிற எல்லாவற்றையும் இரண்டு தாய்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன். ஆனால் ஒருவருக்காகப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும். மற்றவருக்காகப் பேச ஆளே இல்லை. அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன்.

கைது நடக்கிற அன்றைக்குச் சட்டத்தின் கண்ணுக்கு இந்தத் தாய் தெரிகிறார். கைது செய்தால் உறவினருக்குச் சொல்ல வேண்டும் என்று 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. இன்று அது சன்ஹிதாவின் 48-ஆவது பிரிவாகவே இருக்கிறது. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில், கைதுக்கான காரணத்தையும் உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இன்னும் ஒரு படி மேலே போனது. நல்ல தீர்ப்புகள். ஆனால் அந்த முதல் நாளோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. ரிமாண்ட் ஆனதற்கு அப்புறம் தீர்ப்பு வரும் வரை, வருடக்கணக்கில், இந்தப் பெண்ணுக்கு எதையும் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் கிடையாது. குற்றப்பத்திரிகை நகல் மகனுக்குக் கிடைக்கும். அது சிறைக்குள் போய்விடும். வழக்கு நிலையைப் பார்க்கச் செல்போனில் இ-கோர்ட்ஸ் செயலி இருக்கிறது என்பார்கள். எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கிறவருக்கு அதில் வரும் ஆங்கிலச் சுருக்கங்கள் என்ன சொல்லும்?

ஒரு வாய்தா நாள் அவருக்கு எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலையிலேயே வந்துவிடுவார். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து வேன் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே நிற்பார். வேனிலிருந்து கோர்ட் ஹாலுக்கு நடத்திக் கூட்டிப்போகும் அந்தச் சில நிமிஷம்தான் அவர் மகனை வெளிச்சத்தில் பார்க்கிற நேரம். பேச முடியாது. வழிக்காவல் போலீஸ்காரர் நல்ல மனசுக்காரராக இருந்தால் “சாப்பிட்டியா” என்று கேட்கிற அளவுக்கு நடையைக் குறைப்பார். டவாலி பெயரைக் கூப்பிடுவார். உள்ளே ஏதோ நடக்கும். சாட்சி வரவில்லை, அல்லது தடயவியல் அறிக்கை வரவில்லை, அல்லது குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவருக்கு வக்கீல் வரவில்லை. வழக்கு தள்ளிப்போகும். வேன் கிளம்பிவிடும். அப்புறம் அவர் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கேட்டுக்கொண்டு நிற்பார்: “ஜட்ஜையா என்ன சொன்னாவ?” கோர்ட் ஏட்டையா அவசரத்தில் இருப்பார். வக்கீல் அடுத்த கோர்ட்டுக்குப் போயிருப்பார். குமாஸ்தா அடுத்த தேதியைச் சொல்லுவார். ஒரு நாள் பீடிக் கூலியையும் பஸ் காசையும் விட்டு வந்ததற்கு அவர் கையில் கிடைப்பது அந்தத் தேதி ஒன்றுதான்.

இப்போது வீடியோ மூலம் ஆஜர்படுத்துவதும் வந்துவிட்டது. வழிக்காவலுக்கு ஆள் இல்லாத நாட்களில் அது தேவைதான், மறுக்கவில்லை. 2024 டிசம்பரில் திருநெல்வேலி நீதிமன்ற வாசலிலேயே பட்டப்பகலில் ஒருவரை வெட்டிக் கொன்ற பிறகு, பழிக்குப் பழி என்று நடக்கும் வழக்குகளில் மகனை வெளியே கொண்டுவராமல் இருப்பதே மேல் என்று நினைக்கிற அம்மாக்களும் இருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கு நேரில் கொண்டுவர மாட்டார்கள், திரையில்தான் என்பதை அவரிடம் முந்தின நாள் ஒருவர் சொல்லியிருக்கலாம். டிபன் பாக்ஸோடு வந்து மத்தியானம் வரை வேனுக்காக நின்றவரிடம், வேன் வராது என்று என்னைப்போல் யாராவது போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னதும் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

தகவல் இல்லாத இடத்தில் யார் வந்து உட்காருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். “ஜட்ஜோட டிரைவர் எனக்குத் தெரிஞ்சவர்” என்று சொல்லி ஐம்பதாயிரம் கேட்பவன் வருவான். ஜாமீன் வாங்கித் தருகிறேன், குண்டாஸ் போடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆளுக்கு ஒரு கதை. மகளிர் குழுக் கடன், தண்டல், கந்து வட்டி எல்லாம் இந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. ஆளில்லாத வீட்டில் இருந்த ஒரு பசுவும் போய்விடும். காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. 2022-லிருந்து குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக முழுநேரமும் வாதாட நீங்களே சம்பளம் கொடுத்து வக்கீல்களை அமர்த்தியிருக்கிறீர்கள். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் பேச ஆள் உண்டு. அதே 12-ஆவது பிரிவில் பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே சட்ட உதவிக்கு உரிமை இருக்கிறது. அதாவது அந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிறவர் கைதியின் அம்மா என்பதற்காக உங்களிடம் வர வேண்டியதில்லை. தன் சொந்த உரிமையிலேயே உங்கள் பொறுப்பில் இருப்பவர் அவர். அவருக்கு இது தெரியாது. தெரியாததால், “கவர்மெண்ட் வக்கீல்னா போலீஸ் பக்கம் பேசுவாவ” என்று பயந்து, அடகுக் கடைக்குப் போகிறார்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் மடல் நேர்மையாக இருக்காது. சில அம்மாக்கள் சாட்சி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மிரட்ட இல்லை. காலில் விழ. “எம்புள்ளையக் காட்டிக் குடுத்துறாத சாமி” என்று அழ. அது சட்டப்படி என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது. சாட்சியைக் கலைக்கப் பார்த்ததாக ஆகும். கிடைத்த ஜாமீன் ரத்தாகும், அவர் மேலேயே வழக்கும் வரலாம். அந்தச் சாட்சியின் வீட்டில் என்ன பயம் மூண்டிருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஒரு தடவை ஒரு அம்மாவிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் அரண்டுபோய், “இது தப்புன்னு யாரும் சொல்லலையே தாயி” என்றார். அதற்கு மேல் அந்தத் தெருப் பக்கமே அவர் போகவில்லை. பாசத்தால் நடக்கிற தப்பில் பாதியைப் பத்து நிமிஷப் பேச்சில் தடுத்துவிடலாம் என்று நான் நம்புகிறேன்.

சட்டமே தாயின் மேல் வைக்கும் பாரம் ஒன்று உண்டு. வெளியே அதிகம் பேர் இதைப் பேசுவதில்லை. கொலை செய்துவிட்டு ஓடி வந்தவனுக்கு இடம் கொடுத்து மறைத்தால் ஐந்து வருடம் வரை சிறை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 212-ஆவது பிரிவு, புதிய நியாய சன்ஹிதாவில் 249. இந்தக் குற்றத்திலிருந்து ஒரே ஒரு உறவுக்குத்தான் விலக்கு: கணவன், மனைவி. மனைவி கணவனை மறைத்தால் குற்றமில்லை. தாய் மகனை மறைத்தால் குற்றம். சாட்சியச் சட்டத்திலும் அப்படியே. கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொண்டதை வெளியே சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. மகன் அம்மாவிடம் அழுது சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கொலை நடந்தது தெரிந்தால் போலீஸில் சொல்ல வேண்டிய கடமையும் எல்லோரையும்போல் அவருக்கு உண்டு. ஜெர்மனியிலும் பிரான்சிலும் மறைத்த குற்றத்திலிருந்து விலக்கு பெற்றோருக்கும் இருக்கிறது. நம் சட்டத்தை உங்களால் மாற்ற முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை. ஆனால் நள்ளிரவில் ரத்தக் கறையோடு கதவைத் தட்டும் மகனுக்குக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற ஒரு பெண்ணின் மேல் நாம் எவ்வளவு பாரத்தை வைத்திருக்கிறோம் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படி இருந்தும், மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் ஸ்டேஷனில் ஒப்படைத்த அம்மாக்கள் நம் ஊரில் நிறைய. ஒப்படைத்துவிட்டு அவர்கள் கேட்பது ஒன்றுதான்: அடிக்காதீர்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்ற செய்தியோடு மாவுக்கட்டுப் போட்ட படம் வாட்ஸ்அப்பில் சுற்றும்போது, அடுத்த தாய் மகனை ஒப்படைக்க யோசிப்பாரா மாட்டாரா?

குண்டர் சட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம். கொலை வழக்கில் ரிமாண்டில் இருப்பவன் மேலேயே அந்த உத்தரவும் பாயும், 12 மாதம் வரை தடுப்புக் காவல். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் போடப்படும் ஆட்கொணர்வு மனுக்களைப் புரட்டிப் பாருங்கள். மனுதாரர் யார்? அம்மா, இல்லாவிட்டால் மனைவி. அரசை எதிர்த்து வழக்குப் போட்டவர் என்று அந்தப் பீடிக்கார அக்காவின் பெயர் உயர் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. அவர் கைநாட்டு வைத்த பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தடுப்புக் காவல் சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் வைத்து வாதாட உரிமை கிடையாது, உறவினரோ நண்பரோ துணைக்கு வரலாம். அந்தத் துணையாகச் சென்னைக்கு ரயில் ஏறிப் போவதும் பெரும்பாலும் அம்மாதான். ஓய்வுபெற்ற நீதிபதிகள் முன்னால் போய் நின்று, “ஐயா, இனிமே நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு வருகிறார். அங்கே என்ன கேட்பார்கள், என்ன சொன்னால் உதவும் என்று அவருக்குச் சொல்லி அனுப்பியது யார்?

ஜாமீன் கிடைத்தாலும் அடுத்த ஓட்டம் அவருடையதுதான். இரண்டு ஜாமீன்தாரர், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது. கொலைகாரன் வீட்டுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? ஜாமீன் உத்தரவு வந்தும் 7 நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும், செயலர் ஆள் அனுப்பி உதவ வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை உங்கள் அலுவலகங்கள் தேதி தவறாமல் செய்தாலே பல வீடுகளுக்கு மூச்சு வரும். நாட்டின் சிறைகளில் 2022 இறுதியில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், தண்டனை பெறாதவர்கள். பாதி தண்டனைக் காலம் உள்ளே இருந்தால் விடலாம் என்ற, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவின் சலுகை, தூக்கோ ஆயுளோ விதிக்கத்தக்க வழக்குகளுக்குக் கிடையாது. ஆகக் கொலை வழக்கு என்றால் காத்திருப்புதான். சிறையில் மனுப் போட்டுப் பார்க்கப் போகிறவர்களின் வரிசையைப் பாருங்கள், பெண்கள்தான் அதிகம். ஒரு வருடம், இரண்டு வருடம் போனதும் கூட்டாளிகள் வருவது நின்றுவிடும், அண்ணன் தம்பி நின்றுவிடுவார்கள். அம்மா மட்டும் மாற்றுத்துணியும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருப்பார்.

தீர்ப்பு நாளைப் பற்றிச் சொல்கிறேன். குற்றவாளி என்று சொன்ன பிறகு, என்ன தண்டனை என்பது பற்றி அவனைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் அது இரண்டு நிமிஷத்தில் முடிகிறது. “வயசான தாய் இருக்கிறார், குறைந்த தண்டனை தாருங்கள்” என்று எழுதிக்கொள்வார்கள். அந்த வயசான தாய் வாசலில் நிற்பார். அவரை யாரும் கூப்பிட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். தூக்குத் தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் அவனுடைய குடும்பம், வளர்ந்த விதம், மனநிலை எல்லாவற்றையும் விசாரணைக் கட்டத்திலேயே திரட்ட வேண்டும் என்று 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கதை முழுசும் யாருக்குத் தெரியும்? அவன் எந்த வயசில் பள்ளிக்கூடம் விட்டான், அப்பன் எந்தக் கட்டையால் அடித்தான், எந்த வருடம் எவன் கூட்டிப் போனான் என்று தேதி வாரியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வாசலில் நிற்கிறார்.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனின் சிலை இருக்கிறது. திருவாரூரில் கன்றை இழந்த பசு மணியை அடித்தது, அரசன் எழுந்து வந்தான், தன் மகனையே தேர்க்காலில் இட்டான். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. பிள்ளையை இழந்த தாயின் மணிச் சத்தத்துக்கு அரசு எழுந்து வர வேண்டும் என்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் நமக்குச் சொல்லப்படுகிற கதையில் அரசி இல்லை. தேர் ஓட்டிப் போனவனைப் பெற்றவள் அன்றைக்கு எங்கே இருந்தாள், அவளிடம் யாராவது போய்ச் சொன்னார்களா என்று நாம் கேட்டதே இல்லை. நம் நீதிமன்றங்களிலும் இன்றுவரை கேட்கவில்லை.

இத்தனைக்கும் அரசுக்கு இந்தத் தாய் தேவைப்படுகிறார். ஆயுள் கைதிக்கு விடுப்பு தரும்போது, எந்த வீட்டுக்குப் போவான், யார் பொறுப்பு என்று நன்னடத்தை அலுவலர் வந்து கேட்பது இவரிடம்தான். பதினாலு வருடம் கழித்து முன்விடுதலை என்று பேச்சு வந்தால், குடும்பம் ஏற்றுக்கொள்ளுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதும் இவர்தான். அவன் திருந்தி வந்தால் ஒண்ட ஒரு கூரை இருக்கிறது என்று அரசு நம்புவது இவரை வைத்துத்தான். ஆரம்பத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே நிறுத்திவிட்டு, பதினாலு வருடம் கழித்து அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது எந்த விதத்தில் நியாயம்? அதுவரை அவரை உயிரோடும் கடனில்லாமலும் வைத்திருக்க நாம் என்ன செய்தோம்?

ஆகவே நான் கேட்பது இது. மகனை விடச் சொல்லவில்லை, தண்டனையைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு செஷன்ஸ் கோர்ட்டுக்கும் வெளியே, கொலை வழக்குகள் வருகிற நாட்களில், ஒரு சட்டத் தன்னார்வலரை உட்கார வையுங்கள். அன்றைக்கு என்ன நடந்தது, ஏன் தள்ளிப்போனது, அடுத்து என்ன நடக்கும் என்று தமிழில் சொல்லட்டும். ஒரு தாளில் எழுதியும் கொடுக்கட்டும். எழுதியதை வாங்கிப் போனால் பக்கத்து வீட்டுப் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துத் திரும்பக் கேட்டுக்கொள்வார்கள். இறந்தவரின் குடும்பத்துக்கு வேறொரு தன்னார்வலர் வேண்டும், வேறு இடத்தில் வேண்டும். இரண்டு குடும்பமும் ஒரே பெஞ்சுக்காக நிற்க வேண்டிய நிலை வேண்டாம். கைது நடந்த வாரத்திலேயே தாயைச் சந்தித்து, இலவச வக்கீல் உண்டு, புரோக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள், சாட்சி வீட்டுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல ஒருவரை அனுப்புங்கள். நேரில் கொண்டுவராத நாளைப் பற்றி முந்தின நாளே போன் பண்ணிச் சொல்ல, சிறையோடு பேசி ஒரு ஏற்பாடு செய்யுங்கள். தண்டனை பற்றிக் கேட்கும் நாளில், உங்கள் வக்கீல்கள் அந்த அம்மாவோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசிக் குறிப்பெடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம். தன்னார்வலர்கள் இருக்கிறோம், பயிற்சி தர உங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள், பெண்களுக்கு உதவும் கடமையும் உங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் ஆறு மாதம் செய்து பாருங்கள். எத்தனை பேர் இலவச வக்கீலைக் கேட்டு வந்தார்கள், சாட்சியை நெருங்கியதாக எத்தனை புகார் குறைந்தது, எத்தனை பேர் இழப்பீட்டு மனு போட்டார்கள் என்று கணக்கெடுத்து வையுங்கள். பலன் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

அந்த முதல் மாவட்டம் எங்களுடையதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செஷன்ஸ் கோர்ட்டுக்கு எதிரே மரத்தடியில் ஒரு மேசையும் சில நாற்காலிகளும் போட இடம் இருக்கிறது. முதன்மை மாவட்ட நீதிபதி அனுமதி கொடுத்தால், முறை வைத்து உட்கார என்னோடு சேர்ந்து இன்னும் சில பெண்கள் தயாராக இருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். வரும் காலாண்டுக் கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சட்டத் தன்னார்வலர் ஒருத்தி,
திருநெல்வேலி